சூடேறும் கிராபிக்ஸ் கார்டு: ஸ்க்ரூ டிரைவரைக் கடைசியாக எடுங்கள்

விளையாட்டைத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஃபேன்கள் இரைகின்றன. காட்சி விட்டுவிட்டு நகர்கிறது. சில சமயம் திரை கறுத்துப்போய், ஃபேன்கள் மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலைக்கு வந்ததும் பலர் நேராகத் தெர்மல் பேஸ்ட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். முதலில் அளவு, பிறகு காற்று, பிறகு மென்பொருள், பிறகு தூசு, கடைசியில்தான் கார்டைப் பிரிப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வரிசை. ஒவ்வொரு படி முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். வெப்பம் இறங்கிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிரிக்காமலே சரியாகிற கார்டைப் பிரிப்பதில் லாபம் எதுவும் இல்லை. ஆபத்து மட்டும் உண்டு.

இங்கே சொல்வதெல்லாம் மேசைக் கணினிக்கு. லேப்டாப்பின் அமைப்பே வேறு. அதற்கு இந்த அத்தியாயத்தை நம்பி இறங்க வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபியு-இசட், ஹெச்டபிள்யூஇன்ஃபோ இரண்டும் இலவச மென்பொருள்கள். அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டும் இறக்குங்கள். 2020 மே மாத மேம்பாட்டுக்குப் பிந்தைய விண்டோஸ் 10-இலும், விண்டோஸ் 11-இலும் டாஸ்க் மேனேஜரே கார்டின் வெப்பத்தைக் காட்டும். ஆனால் அது ஒரே ஓர் எண். நமக்கு அது போதாது.

1. அறையின் வெப்பநிலையைக் குறியுங்கள். சாதாரண அறை வெப்பமானி போதும்.
2. கணினியைப் பத்து நிமிடம் சும்மா விட்டு, கார்டின் வெப்பத்தைக் குறியுங்கள்.
3. எந்த விளையாட்டில் அல்லது எந்த வேலையில் தொந்தரவு வருகிறதோ, அதையே அரை மணி நேரம் ஓட்டுங்கள். கார்டின் வெப்பம், ஹாட் ஸ்பாட், மெமரி வெப்பம், ஃபேன் வேகம், வாட் ஆகியவற்றின் உச்ச அளவுகளை எழுதுங்கள்.
4. ஜிபியு-இசட்டில் ‘பெர்ஃப்கேப் ரீசன்’ என்றொரு வரி இருக்கும். என்விடியா கார்டில் வெப்பத்தால் வேகம் குறையும்போது அங்கே ‘தெர்ம்’ என்று வரும். அது வந்ததா என்று பாருங்கள்.
5. கணினியை அணைத்து, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள். ஓடும்போது உள்ளே கை விடக்கூடாது. சிறு பிள்ளைகளோ பூனையோ உள்ள வீட்டில் பக்கத்திலேயே இருங்கள்.

இந்த ஐந்தாம் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனால் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. கதவைத் திறந்ததும் வெப்பம் 7, 8 டிகிரிக்கு மேல் இறங்கினால் கார்டில் குற்றமில்லை; கேபினெட்டுக்குள் காற்று போகவில்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு டிகிரிதான் மாறியது என்றால் கோளாறு கார்டிலேயே இருக்கிறது: தூசு, ஃபேன் அல்லது பேஸ்ட்.

ஃபர்மார்க் போன்ற சோதனை மென்பொருளைப் பலர் பரிந்துரைப்பார்கள். விளையாட்டுகள் தராத சுமையை அது கார்டின் மேல் ஏற்றும். ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கும் கார்டை அதில் போட்டு வதைக்க வேண்டியதில்லை.

எண்களை எப்படிப் படிப்பது?

கார்டின் வெப்பம் தனியாக நிற்கும் எண் அல்ல. அறை வெப்பத்தின் மேல்தான் அது ஏறி நிற்கிறது. 25 டிகிரி அறையில் 70-ஐத் தொடுகிற கார்டு, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 83-க்குப் போகும். கார்டில் எதுவும் கெடவில்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ குளிர்ந்த அறையில் அளந்து எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு, மதுரையில் மே மாதம் உங்கள் கார்டு பழுது என்று முடிவு கட்டாதீர்கள். அறைக்கும் கார்டுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிடுங்கள். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் அந்த இடைவெளி கூடியிருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

பளு ஏறிய நேரத்தில் 65 முதல் 80 டிகிரி வரை இருந்தால் கவலை வேண்டாம். 80-க்கு மேல் போனால் இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவை. என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080-க்கு நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 93. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 90. வரம்பை நெருங்கும்போது கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காட்சி விட்டுவிட்டு நகர்வது இதனால்தான். அதையும் மீறினால் அணைந்துவிடும்.

ஹாட் ஸ்பாட் என்பது சிப்பில் மிகச் சூடான புள்ளியின் அளவு. கார்டின் வெப்பத்தைவிட இது 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். இடைவெளி 25-ஐத் தாண்டினால், பேஸ்ட் காய்ந்திருக்கலாம் அல்லது ஹீட்சிங்க் சரியாக அழுந்தவில்லை. ஏஎம்டி கார்டுகளில் இந்த எண் 110 வரை போவது வடிவமைப்புக்குள் அடங்கும் என்று ஆர்எக்ஸ் 5700 வெளிவந்த 2019-இலேயே அந்நிறுவனம் சொல்லிவிட்டது. ஆகவே ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் 95-ஐப் பார்த்ததும் பதற வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் என்விடியா இந்த எண்ணையே மறைத்துவிட்டது. அந்தக் கார்டு உள்ளவர்கள் மற்ற அளவுகளை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வைத்திருப்பவர்கள் மெமரி வெப்பத்தைத் தனியாகப் பாருங்கள். அவற்றிலுள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியில் வேகத்தைக் குறைக்கும். 3090-இல் பாதி மெமரிச் சிப்புகள் கார்டின் முதுகுப் பக்கம் இருக்கின்றன. பின்தகடு தொட முடியாத அளவுக்குச் சுடுவது அதனால்தான்.

இன்னொன்று: கணினி சும்மா இருக்கும்போது கார்டின் ஃபேன் சுற்றவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. இன்றைய கார்டுகள் பெரும்பாலானவற்றில் 50, 60 டிகிரி வரை ஃபேன் நின்றே இருக்கும். விளையாட்டு ஓடும்போதும் நின்றிருந்தால்தான் பழுது.

பிரிக்காமல் செய்யக்கூடியவை

*இடம்.* நம் வீட்டுக் கணினி மேசைகளில், சிபியு வைக்கவென்றே மூன்று பக்கமும் அடைத்த ஒரு பொந்து இருக்கும். கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. வெளியே போன சூடான காற்றே திரும்ப உள்ளே வருகிறது. கேபினெட்டை வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். மேலே போர்த்திய துணி உறையை, கணினி ஓடும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

*கேபினெட் ஃபேன்.* முன்பக்கம் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளினால் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் போதும். மாட்டிய திசை சரியா என்று அறிய, ஓடும் ஃபேனின் வெளிப்புறத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். முன்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் பறக்க வேண்டும். கடையிலிருந்து வந்த கணினியிலேயே ஒரு ஃபேன் தலைகீழாக மாட்டப்பட்டிருப்பது அரிதல்ல. முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருக்கும் கேபினெட் பார்க்க அழகு. நம் ஊர் வெயிலுக்கு நான் பரிந்துரைப்பது சல்லடை முகப்பு உள்ளதைத்தான்.

*பிரேம் வரம்பு.* உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், கார்டு நொடிக்கு 140 பிரேம் வரைவதில் உங்களுக்குப் பயன் இல்லை. வெப்பம் மட்டும் மிச்சம். விளையாட்டின் அமைப்பிலோ, என்விடியா அல்லது ஏஎம்டி கட்டுப்பாட்டு மென்பொருளிலோ 60 என்று வரம்பு வையுங்கள். இந்த ஒன்றிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுவது உண்டு.

*பவர் லிமிட்.* எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் வேலை செய்யும்.

1. ‘பவர் லிமிட்’ பட்டையை 100-இலிருந்து 85-க்கு இறக்கி, சரி குறியை அழுத்துங்கள்.
2. அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டி அளவுகளைக் குறியுங்கள்.
3. போதவில்லை என்றால் 80, பிறகு 75.
4. திருப்தியானதும், விண்டோஸ் தொடங்கும்போது தானாக அமலாகும்படி விண்டோஸ் சின்னத்தையும் அழுத்துங்கள். இதை மறந்தால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

15, 20 சதவீத மின்சாரத்தைக் குறைத்தாலும் வேகத்தில் இழப்பது பொதுவாகச் சில சதவீதம்தான். கார்டை உச்ச வேகத்தில் வைக்க நிறுவனங்கள் கடைசிச் சில அடிகளுக்கு மிகையாக மின்சாரம் ஊட்டுகின்றன. நாம் குறைப்பது அதைத்தான். கோடைக்கு என்று வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

*ஃபேன் வேகம்.* ஆஃப்டர்பர்னரில் அமைப்புகளுக்குள் ‘ஃபேன்’ பகுதியில் வளைகோட்டை நீங்களே வரையலாம். 40 டிகிரிக்கு 30 சதவீதம், 60-க்கு 50, 70-க்கு 65, 80-க்கு 90 என்று தொடங்குங்கள். எந்நேரமும் 100-இல் வைக்காதீர்கள். சத்தம் தாங்காது, ஃபேனின் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

கார்டைக் கழற்றித் தூசு எடுத்தல்

கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளிபோலப் படிந்திருந்தால் இந்த வேலைக்கு நேரம் வந்துவிட்டது. சமையலறைக்குப் பக்கத்திலோ, ஊதுபத்தியும் சாம்பிராணியும் புகையும் அறையிலோ இருக்கும் கணினியில் தூசு பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். ஊதினால் மட்டும் போகாது, பிரஷ் தேவைப்படும்.

தேவையானவை: நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், சிறு கை ப்ளோயர் அல்லது அழுத்தக் காற்று டப்பா, புதிய மென்மையான பெயின்ட் பிரஷ், மூக்குக்கு முகக்கவசம்.

1. கணினியை முறைப்படி அணைத்து, எஸ்எம்பிஎஸ் சுவிட்சையும் அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். யுபிஎஸ்ஸில் செருகிவைத்துவிட்டு ‘அணைத்தாயிற்று’ என்று நினைக்கக் கூடாது.
2. பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். கார்டு சூடாறப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.
3. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். இடையிடையே மறுபடி தொடுங்கள். பாலியஸ்டர் சட்டையும் தரைவிரிப்பும் இந்த வேலைக்கு ஆகாது.
4. மானிட்டர் கேபிளையும் கார்டின் மின் இணைப்பையும் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கின் கொக்கியை அழுத்தி, பிளக்கைப் பிடித்து எடுங்கள்.
5. கேபினெட்டின் பின்பக்கம் கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள்.
6. மதர்போர்டில் கார்டு செருகியிருக்கும் இடத்தின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். அதை அழுத்தியபடி கார்டை நேராக மேலே எடுங்கள். பெரிய கார்டுகளில் விரல் எட்டாது. ஐஸ் குச்சியால் அழுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால், வழுக்கி மதர்போர்டைக் கீறிவிடும். அந்தக் கீறலுக்கு மருந்தில்லை.
7. பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய், ஃபேன் இறக்கைகளை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தொலைவிலிருந்து ஊதுங்கள்.
8. ஒட்டியிருப்பதைப் பிரஷ்ஷால் தளர்த்தி, மறுபடி ஊதுங்கள்.
9. பொன்னிற இணைப்பு முனைகளைத் தொடாமல், கார்டைத் திரும்பச் செருகுங்கள். ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும். மின் இணைப்புகளையும் முழுதாக அழுத்துங்கள்.

ஏழாம் படியில் ஃபேனைப் பிடிக்கச் சொன்னதைப் பலர் செய்வதில்லை. ப்ளோயர் காற்றில் அது விசிறி சுற்றுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் வடிவமைத்த வேகத்தைத் தாண்டிச் சுற்றினால் பேரிங் கெடும். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் பெரிய கார்டுகளில் 16 முனை மின் இணைப்பு இருக்கிறது. 2022 அக்டோபரில் 4090 கார்டுகளின் இந்த இணைப்பு உருகிய செய்திகள் வந்தன. அரைகுறையாகச் செருகியிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இடைவெளி துளியும் தெரியாதவரை அழுத்துங்கள். பிளக்கை ஒட்டிக் கம்பியை மடக்காதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு திரை வரவில்லையா? பயப்படுவதற்கு முன் கேபினெட்டின் பின்னால் பாருங்கள். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பீர்கள்.

ஃபேன் கரகரத்தால்

ஃபேனை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். தடையில்லாமல் சுற்றி, தானாக நிற்க வேண்டும். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது. ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும். நிரந்தரத் தீர்வு புது ஃபேன்தான். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. நாளடைவில் கெட்டியாகித் தூசைப் பிடித்து இறுக்கிவிடும். மாற்று ஃபேன் வாங்கும்போது பழைய ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் காட்டி வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஸ்க்ரூத் துளைகளும் பின் இணைப்பும் மாறும்.

தெர்மல் பேஸ்ட் மாற்றுதல்

இதுவரை சொன்னதெல்லாம் செய்தும் ஹாட் ஸ்பாட் இடைவெளி 25-க்கு மேலேயே நிற்கிறது, கார்டு வாங்கி மூன்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன, உத்தரவாதமும் முடிந்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் பிரியுங்கள். உத்தரவாதம் இருக்கும்போது நிறுவனத்திடம் கொடுங்கள். ஸ்க்ரூவின் மேல் ஒட்டிய சிறு ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், உங்கள் கோரிக்கையை அவர்கள் மறுக்க அதுவே சாக்காகும். புதுக் கார்டே இப்படிச் சுட்டால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் குளிர்விப்பானுக்குள் போதிய நீர் இல்லாமல் 110 டிகிரியைத் தொட்டன. ஏஎம்டியே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. அப்படிப்பட்ட கார்டில் எந்தப் பேஸ்ட்டைத் தடவினாலும் பயன் இருந்திருக்காது.

தேவையானவை: ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 அல்லது நொக்டுவா என்டி-ஹெச்1 போன்ற மின்சாரம் கடத்தாத பேஸ்ட், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, சரியான தடிமனில் தெர்மல் பேட். ஆல்கஹால் சட்டென்று பற்றிக்கொள்ளும். சாமி விளக்கோ அடுப்போ எரியும் அறையில் திறக்காதீர்கள்.

1. உங்கள் கார்டின் சரியான மாடலைப் பிரிக்கும் வீடியோவை முதலில் முழுதாகப் பாருங்கள். ஒரே சிப் உள்ள கார்டுகளிலும், நிறுவனத்துக்கு நிறுவனம் ஸ்க்ரூவும் பேட் தடிமனும் வேறுபடும்.
2. ஒரு தாளில் கார்டின் பின்புறத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் செலோடேப்பால் ஒட்டுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முடுக்கினால் பலகையில் விரிசல் விழும்.
3. சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஆளுக்கு அரைத் திருகாகத் தளர்த்துங்கள்.
4. ஹீட்சிங்க் வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். இலேசாக இடமும் வலமும் திருகுங்கள். அப்படியும் அசையாவிட்டால், கார்டைத் திரும்ப மாட்டிப் பத்து நிமிடம் சூடேற்றி, முன்போலவே அணைத்து மின்கம்பியைப் பிடுங்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலுங்கள்.
5. ஹீட்சிங்க் பிரிந்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஃபேன் கம்பிகள் பலகையோடு இணைந்திருக்கும். அவற்றின் சிறு பிளக்கை நகத்தால் அசைத்து எடுங்கள்.
6. பேட்கள் எங்கே, எந்தத் தடிமனில் இருந்தன என்று செல்போனில் படம் எடுங்கள். கிழியாதவற்றை அப்படியே விடலாம்.
7. பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உலோகக் கத்தி வேண்டாம். சிப் கண்ணாடிபோல மின்ன வேண்டும்.
8. புதுப் பேஸ்ட்டைச் சிப் முழுவதும் மெல்லிய சீரான படலமாகப் பரப்புங்கள். கிராபிக்ஸ் சிப்புக்கு மேல் மூடி கிடையாது. ஒரு மூலை காய்ந்திருந்தாலும் அந்த இடம் ஹாட் ஸ்பாட் ஆகிவிடும். நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிடும் பழக்கம் இங்கே உதவாது.
9. ஃபேன் பிளக்குகளை மாட்டுங்கள். பிறகு நான்கு ஸ்க்ரூக்களையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஸ்க்ரூ தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பேஸ்ட்டைவிடப் பேட்டில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 1 மி.மீ. பேட் இருந்த இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால், ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் மேலே நின்றுவிடும். புதுப் பேஸ்ட் போட்டும் வெப்பம் முன்னைவிட ஏறிவிட்டது என்று புலம்புகிறவர்களின் கார்டைத் திறந்தால், பெரும்பாலும் இந்த அரை மில்லிமீட்டர்தான் காரணம். தடிமன் உறுதியாகத் தெரியாவிட்டால் பேட்டைத் தொடாதீர்கள்.

லிக்விட் மெட்டல் வீட்டில் செய்யும் வேலைக்கு வேண்டவே வேண்டாம். மின்சாரம் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அடிக்கடி பேஸ்ட் மாற்ற அலுப்பாக இருந்தால், ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற தகட்டைத் தேடி வாங்குங்கள். 45 டிகிரி அளவில் இளகிச் சிப்பின் மேல் படிந்துகொள்ளும். பேஸ்ட்டைப்போல ஓரங்களுக்கு எளிதில் வழிந்துபோகாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

கருகிய வாடை, உருகிய பிளக், கேபினெட்டைத் தொட்டால் ஷாக், திரையில் நிறம் நிறமான கட்டங்கள் – இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். ஷாக் அடித்தால் முதலில் அழைக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன். வீட்டின் எர்த்திங் சரியில்லை. கணினி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மின்வெட்டு ஆனதுபோல அணைகிறது, ஆனால் வெப்பம் 70-இல்தான் இருக்கிறது என்றால், சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் போக வேண்டும். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை இரவு பகலாக மைனிங் செய்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. இன்றும் அவை கை மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும், அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டி ஹாட் ஸ்பாட்டையும் மெமரி வெப்பத்தையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அந்தக் கார்டு வேண்டாம்.

அளவு எழுதிய தாளைத் தேதியிட்டுக் கேபினெட்டின் உள்பக்கக் கதவில் ஒட்டிவையுங்கள். மார்ச் தொடக்கத்தில், வெயில் ஏறுவதற்கு முன், ஒருமுறை தூசு எடுத்து அதே விளையாட்டில் அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.